திட்டு வாங்க உட்கார்ந்தவர்

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பெரியவருக்குத் தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும். நரைத்த மீசையில் செதில் ஒட்டியிருக்கும். ஏலம் முடிந்ததும் கமிஷனை மடியில் செருகிக்கொண்டு ஐஸ் பெட்டிமேல் அரைமணி நேரம் உட்காருவார். விலை கட்டுப்படியாகாத படகுக்காரர்கள் வந்து வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்.

அன்றைய மீன் விலையைச் சொல்லும் ஆப் ஒன்றை நான் தனியாளாகச் செய்திருந்தேன். படகுக்காரர்கள் எனக்குக் கட்டும் சந்தாவில் நூற்றுக்குப் பதினைந்தை ஆப் ஸ்டோர் பிடித்துக்கொள்கிறது என்று அவரிடம் பொருமினேன். வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்களும் கமிஷன்தான வாங்கறீங்க?" என்றும் கேட்டுவிட்டேன்.

"வாங்கறேன் நைனா. அதுக்குத்தான் இங்க குந்திகினு கீறேன். உன்கிட்ட வாங்கறவன் எங்க குந்திகினு கீறான்?"

அன்றே, கமிஷன் அநியாயம் என்று ஸ்டோருக்கு நீளமாக எழுதினேன். அடுத்த நொடியே பதில் வந்தது: தொடர்புகொண்டதற்கு நன்றி. அடியில் ஒரு மனிதப் பெயர்கூட இல்லை.

மறுநாள் காலை அந்த ஐஸ் பெட்டிக்கு எதிரே போய் நின்று, ஸ்டோரைத் திட்ட வேண்டியதையெல்லாம் அவரைத் திட்டினேன். துண்டால் முகத்தைத் துடைத்தபடி கடைசிவரை கேட்டார்.