மூக்கை இழந்த பியர்க்காரி

காய்ச்சல் விட்ட பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். உடம்பு தேறிவிட்டது. வாசனை மட்டும் திரும்பவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் வேலை அப்படிப்பட்டது. பெங்களூரில், பியரைத் தானே காய்ச்சித் தானே விற்கும் ஓர் உணவகத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு தொட்டி பியரும் வாடிக்கையாளருக்குப் போகும் முன் என்னிடம் ஒரு கிளாஸ் வரும். முகர்ந்து, ஒரு வாய் குடித்து, சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். எந்த பியரோடு எதைச் சாப்பிட்டால் சேரும் என்று சமையலறையோடு உட்கார்ந்து முடிவு செய்வதும் நான்தான். ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் வீட்டில் பிறந்து, வேலூரில் கேட்டரிங் படித்து, பரிமாறுகிற பெண்ணாக அங்கே சேர்ந்தவள். எட்டு வருடம் பிடித்தது இந்த இடத்துக்கு வர. மூக்கு போய்விட்டது என்று சொன்னால் எட்டு வருடமும் சேர்ந்து போய்விடும் என்று பயந்தேன்.

இரண்டு வாரம் ஞாபகத்தை வைத்தே ஓட்டினேன். கோதுமை பியர் என்றால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், கருப்பு பியர் என்றால் காப்பிக்கொட்டை. வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், புதுத் தொட்டியிலிருந்து வந்த கிளாஸை முகர்வது போல் பாவனை செய்து, "நல்லா வந்திருக்கு சார்" என்று முதலாளிக்கு முன்னால் மேசையில் வைத்தேன்.

தட்டோடு அந்தப் பக்கம் போன எங்கள் தலைமைச் சமையற்காரர் நின்றார். வாணியம்பாடிக்காரர். அவர் மார்க்கத்தில் குடி கூடாது என்பதால் பியரை ஒருநாளும் வாயில் வைத்தவரில்லை. ஒவ்வொரு பியரும் எப்படியிருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, அந்தச் சொல்லை வைத்தே அதற்கேற்பச் சமைப்பார்.

"தங்கச்சி, இன்னா இது? வெண்ணெ வாடை குப்புன்னு அடிக்குதே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த பியரில் வெண்ணெய் வாடை வந்தால் நொதித்தல் சரியாக முடியவில்லை என்று அர்த்தம். வேலைக்கு வந்த முதல் மாதத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் அது. முதலாளி கிளாஸை எடுத்து மோந்தார். அவரே காய்ச்சுகிறவர். என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது தெரியலையா?"

"எனக்கு எதுவுமே தெரியல சார். காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசனையும் வரல."

"மூக்கு போனதுக்கு நான் கோவப்பட மாட்டேன்" என்றார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு. "ஆனா ரெண்டு வாரமா நீங்க சொன்னதை நம்பித்தானே ஊத்தினேன்."

கோடைக்கு ஆறு பியர், ஆறு தட்டு என்று ஒரு புதுப் பட்டியல் போடுவதாக இருந்தோம். மூன்று மாதம் போய் உடம்பைப் பாருங்கள், அதற்குள் சரியானால் பட்டியல் உங்களுடையது, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். நியாயமான பேச்சு. வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் காது மூக்கு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மருந்து எதுவும் எழுதவில்லை அவர். தினம் காலையும் சாயங்காலமும் சில பொருட்களைக் கவனமாக மோந்து பாருங்கள், நரம்பு மறுபடி பழகலாம், பழகாமலும் போகலாம் என்றார். பழகலாம் என்ற பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்பும்போது பையில் ஏழு டப்பா வைத்துக்கொண்டேன். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை நாலு விதம், வெளிறியதிலிருந்து கருக வறுத்தது வரை. ஹாப்ஸ் மூன்று விதம். பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ அது. காயவைத்துப் பொடித்து, பச்சை மாத்திரை போல அழுத்தி விற்பார்கள்.

எங்கள் ஊர் ஜமுனாமரத்தூரிலிருந்து நடக்கிற தூரம். வீட்டில் அண்ணனும் அண்ணியும் மட்டும். அண்ணன் குடியை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. டப்பாக்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னாம்மா இது? அந்த சமாச்சாரம் எதுவும் வூட்டுக்குள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

"வெறும் தானியமும் பூவும்தாண்ணா. ஒரு சொட்டு பியர் கிடையாது."

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தேன். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்காருவேன். அண்ணி ஒரு டப்பாவை மூக்கருகே பிடிப்பார். நான் மெதுவாக மூச்சிழுத்து, என்னவென்று சொல்ல வேண்டும். என் டப்பாக்களோடு அண்ணி தன் பங்குக்குப் புளி, வறுத்த சாமை, மஞ்சள், வேப்பெண்ணெய் என்று சேர்த்துக்கொண்டார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரமும் அப்படியே. காற்று குளிர்ச்சியாக உள்ளே போய் வந்தது, அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் அண்ணிக்கு இதில் பிடிப்பு வந்துவிட்டது. என்னிடம் நீட்டும் முன் தானும் மோந்து பார்ப்பார். ஒருநாள் ஹாப்ஸ் டப்பாவைத் திறந்துவிட்டு, "இது எனக்குத் தெரியும் பாப்பா" என்றார். "மாம்பிஞ்சு காம்ப ஒடிச்சா பாலு வழியும் பாரு, அந்த வாசனை."

துண்டை அவிழ்த்து அவரைப் பார்த்தேன். அந்த ஹாப்ஸுக்கு நாங்கள் பட்டியலில் எழுதியிருந்தது ஏதோ வெளிநாட்டு எலுமிச்சையின் பெயர். அதை நானே இரண்டு முறைதான் தின்றிருக்கிறேன். அண்ணி சொன்ன கணத்தில் அந்த மணம் எப்படியிருக்கும் என்று எனக்கு நினைவு வந்துவிட்டது. மூக்கில் வரவில்லை. நினைவில் தெளிவாக வந்தது.

"மத்ததையும் சொல்லுங்க அண்ணி" என்று நோட்டை எடுத்தேன்.

கருக்கிய வாற்கோதுமைக்கு, "கேவுரு களி அடிப்பிடிச்ச சட்டி." இன்னொரு ஹாப்ஸுக்கு, "மழை பேஞ்ச மறுநாள் எலுமிச்சஞ்செடிக்கு அடியில இருக்கற மண்ணு." அத்தனையும் எழுதிக்கொண்டேன். அதன்பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு முகரும்போது எதைத் தேட வேண்டும் என்றாவது தெரிந்தது. டாக்டர் கவனமாக முகரச் சொன்னது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் ஒருநாள் காலை, அண்ணி குழம்புக்கு வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தார். திடீரென்று டயர் எரிகிற நாற்றம். அடுப்பில் ஏதோ ரப்பர் விழுந்துவிட்டது என்று ஓடினேன். ஒன்றும் விழவில்லை. வெங்காயம்தான் அப்படி நாறியது. குமட்டிக்கொண்டு வர, வெளியே ஓடி வாந்தியெடுத்தேன்.

அண்ணி பின்னாலேயே வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நாத்தமாச்சும் வந்துச்சே பாப்பா! வூட்டுக்குள்ள யாரோ வந்துட்டாங்க. யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கும் மேல் அந்த வீட்டில் எனக்காக வெங்காயமில்லாமல் சமைத்தார்கள். காப்பியும் டயராக நாறியது. பூண்டு அழுகியது போலிருந்தது. வாய்க்கு ஒத்துக்கொண்டவை சாமைச் சோறும் மோரும், கொள்ளுக் கடையலும் களியும், கருவாடும். மணமில்லாமல் அவற்றைத் தின்னத் தின்ன, அதுவரை கவனிக்காத பலதும் நாக்குக்குத் தெரிய ஆரம்பித்தது. கொள்ளு வாயை வறளச் செய்கிறது, மேலே ஒரு சொட்டு புளித்தண்ணீர் பட்டால் அந்த வறட்சி விட்டுவிடுகிறது. பாகற்காயோடு பச்சை மிளகாயைக் கடித்தால் கசப்பு இரண்டு மடங்காகிறது. எங்கள் பழைய பட்டியலில் மிகக் கசப்பான பியருக்கு மிகக் காரமான கோழியை ஜோடி சேர்த்தவள் நான். பாதிப் பேர் ஏன் கிளாஸை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள் என்பது அந்தப் பாகற்காயில்தான் புரிந்தது. எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது.

சந்தை நாளில் சோடா பாட்டில்கள் வாங்கி வந்தேன். பியரில் இருக்கிற வாயு கொழுப்பையும் உப்பையும் என்ன செய்கிறது என்று பார்க்க சோடா போதும். பொரித்த கருவாடு ஒரு கடி, சோடா ஒரு மிடறு. வறுத்த வேர்க்கடலை, மறுபடி சோடா. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து நின்றார்.

"ஊரே பாத்தா இன்னான்னு நெனைக்கும்? கருவாட்ட வச்சிக்கினு குடிகாரனாட்டம் குந்திக்கினு கீற."

"சோடாதாண்ணா."

எதிரில் உட்கார்ந்தார். ஒரு துண்டு கருவாட்டை எடுத்துத் தின்றார்.

"பியருக்கு உப்புதான் கேக்கும்" என்றார் பிறகு. "மொத கிளாஸுக்கு மொறுமொறுன்னு எதனா வேணும். ரெண்டாவதுக்கு அது ஆவாது. வயித்துல போய் நிக்கற மாதிரி வேணும், களி மாதிரி. அதைத் தின்னுட்டு எழுந்து போய்ட்டவன் பொழைச்சான். நான்தான் எழுந்து போவல."

அந்த வருடங்களைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். நான் எழுதுவதை நிறுத்தினேன். "எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எழுதிக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிந்தபோது கண்ணைக் கட்டிக்கொண்டு டப்பாக்களில் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னேன். மீதி பிடிபடவில்லை. காப்பி மாறவேயில்லை. அப்படியே கிளம்பினேன்.

முதலாளியிடம் முதல் நாளே சொன்னேன். "மூக்கு பாதிதான் திரும்பியிருக்கு சார். தொட்டி கெட்டிருக்கா இல்லையான்னு இனிமே நான் தனியா சொல்ல மாட்டேன். கூட ஒரு மூக்கு வேணும். ஆனா எதோட எது சேரும்னு சொல்ல முடியும். பட்டியலை எனக்குக் குடுங்க."

அவர் யோசித்தார். பதில் வருமுன் சமையற்காரர் உள்ளே புகுந்தார். "அந்த இன்னொரு மூக்கா நான் இருக்கேன் சார். வாயில படாது. மூக்குக்குத் தானா வர்றதை நான் இன்னா பண்றது?"

ஆறு கிளாஸ் வைத்துச் சோதித்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நாலைச் சொன்னேன். ஒன்றில் தடுமாறினேன், ஒன்று சுத்தமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். "சரி, போடுங்க" என்றார் முதலாளி.

மூன்று வாரம் நானும் சமையற்காரரும் மல்லுக்கட்டினோம். கசப்பு பியரிலிருந்து காரக் கோழியைத் தூக்கிவிட்டு, மிளகாய் இல்லாமல் மிளகு மட்டும் போட்ட ஆட்டுக்கறி வறுவலை வைத்தோம். கருப்பு பியருக்குக் கொள்ளுக் கடையலும், துண்டு போட்டுப் பொரித்த களியும். "பொரிச்ச களியா? எங்க ஊர்ல சொன்னா சிரிப்பாங்க தங்கச்சி" என்றவர், நாலாவது முறை வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே மெத்தென்று கொண்டுவந்து வைத்தார். புளிப்பு பியருக்குக் கருவாடு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மூன்று தெருவுக்கு நாறும் என்றார் முதலாளி. நான் விடவில்லை. பட்டியலில் பியர்களின் மணத்தை அண்ணியின் வார்த்தைகளிலேயே எழுதினோம்.

கருவாடு ஒரு வாரம்தான் ஓடியது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள், அதை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் மாங்காயும் வேர்க்கடலையும் வந்தன. கசப்பு பியரின் கிளாஸ்கள் இப்போது காலியாகத் திரும்புகின்றன. பொரித்த களியைக் கேட்டு வாங்க ஆள் வருகிறது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம், முளைகட்டிய வாற்கோதுமையில் ஒரு பங்கைக் குறைத்துச் சாமையைச் சேர்த்து பியர் காய்ச்சலாமா என்று முதலாளியைக் கேட்டேன். அரை மனதோடு சின்னத் தொட்டி ஒன்றைக் கொடுத்தார். ஊரிலிருந்து அண்ணி ஒரு மூட்டை அனுப்பினார். முதல் தொட்டி தோற்றது. சாமையின் மணம் கொஞ்சமும் இல்லை, கழுநீர் போல் தண்ணியாக இருந்தது. அதைச் சமையற்காரரின் மூக்கும் சொன்னது, என் பாதி மூக்கும் நாக்கும் சொன்னது. சாமையை வறுக்காமல் போட்டதுதான் தவறு என்று நினைக்கிறேன். மூட்டையில் இன்னும் பாதி இருக்கிறது. நேற்று அதைச் சமையலறையில் நானும் சமையற்காரரும் நின்று, சின்னத் தீயில், கைப்பிடி கைப்பிடியாக வறுத்து வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை தொட்டியில் போடுகிறோம்.