நிறுத்தத் தெரியாதவரின் மனைவி

டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போன பிறகும் பழவேற்காட்டுக்குக் கப்பல் வருவது நிற்கவில்லை. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து துணிப் பொதிகளை ஏற்றிக்கொண்டு, அலையைத் தாண்டி அதனிடம் கொண்டு சேர்ப்பது சலங்குப் படகுகளின் வேலை. அப்படி ஒரு சலங்குக்குத் தலைவன், தண்டல் என்பார்கள், வரதன். கோவிந்தம்மா அவன் மனைவி.

வரதன் படகு என்றால் பயமில்லாமல் ஏறலாம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்துக்குச் சற்று முன்னால் படகை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். துடுப்புக்காரர்கள் முனகுவார்கள். அவன் கை தூக்குகிறவரை ஒருவரும் துடுப்பை அசைக்கக் கூடாது. வீட்டிலும் அப்படித்தான். குழம்பு எப்படி என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாப்ட்டேனே" என்பான். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை காய்ச்சலில் போனபோதும் அவன் வாய் திறக்கவில்லை. இவருக்கு நெஞ்சு என்று ஒன்று உண்டா என்று கோவிந்தம்மா நினைத்ததுண்டு.

ஒரு புரட்டாசியில், மழைக்காலத்துக்கு முன் கப்பலை அனுப்பிவிட வேண்டும் என்று ஒல்லாந்தர் கோட்டையில் அவசரப்பட்டார்கள். முகத்துவாரத்தில் இரண்டு சலங்குகள் ஒன்றோடொன்று மோதின. மற்றப் படகின் முனை வரதன் நெற்றியைப் பிளந்தது. கோட்டை வைத்தியர் வந்து உடைந்த எலும்புச் சில்லை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டார். கூட வந்த துபாஷி அவர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னான்.

"எலும்புக்கு உள்ளாற மூளையிலயும் அடி பட்டிருக்குதாம். பொழச்சுக்குவாரு, ஆனா எப்படிப் பொழைப்பாருன்னு சொல்ல முடியாதுன்றாரு."

வரதன் பிழைத்தான். தை பிறப்பதற்குள் எழுந்து நடந்தான். ஒருவர் பெயரும் மறக்கவில்லை. வலை முடிச்சு மறக்கவில்லை. எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் மீன் ஒதுங்கும் என்பது வரை சொன்னான். குப்பத்து அம்மனுக்குக் கோவிந்தம்மா ஒரு கடா வெட்டினாள்.

கடா விருந்திலேயே முதல் கோளாறு தெரிந்தது. பரிமாறிய அத்தையிடம், "உன் கை நாறுது, நீ போடாத" என்றான் வரதன். எல்லாரும் வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தார்கள். அடுத்த மாதம் ஒரு சாவு வீட்டில், பாடை ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மறுபடி சலங்கில் ஏறினான். முகத்துவாரத்தில் நிற்கவேயில்லை. நேராக அலைக்குள் விட்டான். படகு கவிழ்ந்து, துடுப்புக்காரன் வடிவேலுவின் கால் முறிந்தது. கரையில் கிடந்தபடியே வடிவேலு கத்தினான்.

"அலை வர்றதப் பாக்கலியா, அண்ணாத்தே?"

"பாத்தேன்."

"கவுந்துடும்னு தெரியலியா?"

"தெரிஞ்சுது. போவணும்னு தோணுச்சு, போயிட்டேன்" என்றான் வரதன். பொய் சொல்கிறவன் முகமாக அது இல்லை.

பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். பூசாரி வந்து வேப்பிலைக் கொத்தால் அடித்து, "யார் நீ? பேரச் சொல்லு!" என்று அதட்டினான். "நான் வரதன்யா. வலிக்குது, வுடு" என்று அழுதான் அவன். எத்தனை முறை கேட்டும் அதே பதில். கோவிந்தம்மா கொத்தைப் பிடுங்கி எறிந்தாள். வேறு யாரும் அவன் உடம்பில் புகுந்திருக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அது ஆறுதலாகவும் இல்லை. பேயாக இருந்தால் ஓட்டிவிடலாம்.

சித்திரையில் அவன் பட்டப்பகலில் இன்னொருவர் வலையிலிருந்து மடவை மீனை எடுத்து, கரையிலேயே சுட்டுத் தின்றான். போகிற வருகிறவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தான். பஞ்சாயத்து கூடியது. குப்பத்தை விட்டே விலக்க வேண்டும் என்றார்கள் பலர். குப்பத்துத் தலைவரான நாட்டார் சிங்காரம் அவனை நடுவில் நிறுத்திக் கேட்டார்.

"அடுத்தவன் வலையில கை வச்சா இன்னா தண்டனைன்னு உனக்குத் தெரியுமா?"

வரதன் தெளிவாகச் சொன்னான். முதல் தடவைக்கு என்ன, மறு தடவைக்கு என்ன, கோயிலுக்கு எவ்வளவு என்று ஒன்றையும் விடவில்லை.

"அப்பால ஏன்டா எடுத்த?"

"பசிச்சுது."

கோவிந்தம்மா எழுந்தாள்.

"நாட்டாரே, அவருக்கு எல்லாம் தெரியுது. நெனப்புக்கும் கைக்கும் நடுவுல முன்ன ஒண்ணு இருந்துச்சு, நில்லுன்னு சொல்ல. அது அந்த அடியில போயிடுச்சு. இனிமே நில்லுன்னு சொல்ற வேலய நான் பாக்குறேன். வெரட்டாதீங்க."

வரதன் இனித் தண்டலாக இருக்கக் கூடாது, துணையில்லாமல் வலைப் பக்கம் போகக் கூடாது என்று தீர்ப்பானது.

அவள் நினைத்ததைவிட அது கடினமான வேலை. இரண்டு காரியம் சேர்த்துச் சொன்னால் அவன் குழம்பிப்போய்க் கோபப்படுவான் என்று கண்டுகொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கள்ளுக்கடை வழியை விட்டுச் சுற்றிப் போனாள். கருவாடு விற்கப் போகும்போது அவனைக் கூடை சுமக்க வைத்தாள். கை வேலையாக இருந்தால் வாயும் ஓரளவு அடங்கியிருந்தது. வடிவேலுவின் கால் சரியான பின், வரதனைப் படகில் சேர்த்துக்கொள் என்று அவனிடம் போய் நின்றாள். அவன் அப்போது ஏரிக்குள் மட்டும் ஓடும் படகு ஒன்றுக்குத் தண்டல். முதலில் முடியாது என்றான். பிறகு, "நான் நிறுத்துன்னா நிறுத்துவாரா?" என்று கேட்டான். ஏற்றிப் பார்த்தான்; சொன்னதும் வரதன் நிறுத்தினான். வெளியிலிருந்து குரல் வந்தால் வரதனால் நிற்க முடிந்தது.

ஒருநாள் மீன் அரிந்துகொண்டிருந்தபோது வரதன் தானாகவே சொன்னான்.

"கொழந்த செத்தப்ப நீ உள்ள அழுதினு இருந்த. நான் வெளிய நின்னுனு இருந்தேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன் உள்ள வரல?"

"வரணும்னு இருந்துச்சு. வந்து இன்னா சொல்றதுன்னு தெரியல. யோசிச்சினே இருந்தேன். விடிஞ்சுபோச்சு."

அவள் அழுதாள். அவனும் அழுதான், சின்னப்பிள்ளை மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி. படகைக் காப்பாற்றிய அதே நிதானம்தான் அன்று அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. இத்தனை வருஷம் அவள் கேட்க ஏங்கிய பேச்சு, அந்த நிதானம் உடைந்த பிறகுதான் வெளியே வந்தது. அன்று சாயங்காலமே, "உனக்கு வயசாயிடுச்சு, மூஞ்சி தொங்கிப்போச்சு" என்றும் சொன்னான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள வழியில்லை.

ஒருமுறை சோறு இன்னும் ஆகவில்லை என்று கொதிக்கிற கஞ்சிப் பானையை உதைத்தான். அவள் கை வெந்துபோனது. ஆரம்பாக்கத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே யாரும் கத்தவில்லை, நன்றாகத் தூங்கினாள். இனித் திரும்புவதில்லை என்றுதான் இருந்தாள். வடிவேலு தேடிக்கொண்டு வந்தான்.

"துறையில நின்னுனு போறவங்க வர்றவங்களை எல்லாம் கேக்குறாரு, எம் பொண்டாட்டியப் பாத்தீங்களான்னு. வெக்கமே இல்லாம அழுவுறாரு. கூப்புட வரல நான். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

பழைய வரதன் துறைக்கு வந்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்துக் கிளம்பினாள். அண்ணன் மகனையும் அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே குடிசை போட்டுக் குடிவைத்தாள். அடுப்பைச் சுற்றிலும் மண்சுவர் எழுப்பினாள்.

அப்படியே பல வருஷம் போயிற்று. வரதன் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் இறந்தான். அவள் அவனுக்காக அழுதபோது, முதலில் இருந்தவனுக்காகவா, பின்னால் வந்தவனுக்காகவா என்று குப்பத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவளிடம் கேட்க யாருக்கும் துணிவில்லை.

அதன்பின் காட்டூரிலிருந்து ஆள் வந்தது. பனையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவன் மாறிப்போய்விட்டானாம். அவன் மனைவி அம்மணி கோவிந்தம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டு அனுப்பியிருந்தாள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடலாம் என்று கோவிந்தம்மா போனாள். அங்கே அவன் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை, சிரிக்கவில்லை. முன்னால் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது.

"பசிக்குதான்னு கேட்டா பசிக்குதுன்றாரு. ஆனா சாப்ட மாட்டேன்றாரு" என்றாள் அம்மணி.

கோவிந்தம்மா அவனை வெகுநேரம் பார்த்தாள். அவள் கற்றுவைத்திருந்த எதுவும் இங்கே பொருந்தவில்லை.

"இது வேற, தாயி. எங்க வூட்டுக்காரருக்கு நிக்கத் தெரியல. இவருக்குக் கெளம்பத் தெரியல. எனக்கும் இது புதுசுதான்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கவளம் பிசைந்து அவன் கையில் வைத்தாள். அந்தக் கையைப் பிடித்து அவன் வாய்வரைக்கும் தூக்கினாள். அவன் மென்றான், விழுங்கினான். இரண்டாவது கவளத்துக்கும் அவள்தான் கையைத் தூக்கினாள். மூன்றாவதை அவனே எடுத்தான்.