கிரீடம் குடித்த டீசல்

செங்கல்வராயனின் லாரியில் ஒரு பேய் தொற்றிக்கொண்டு டீசல் குடிக்கிறது என்று எழுபத்து நாலில் கவரைப்பேட்டை டீக்கடையில் ஒரே பேச்சு. விலை தாறுமாறாக ஏறிக்கிடந்த நேரம். பேய்க்கும் ஆசை வந்திருக்கலாம். விசாரித்துப் பார்த்ததில் பேயைக் கண்டவர் எவருமில்லை. கிரீடத்தைக் கண்டவர்கள்தான் ஊர் முழுக்க இருந்தார்கள்.

சொந்த லாரி வாங்கிய மிதப்பில் கேபினுக்கு மேலே ஆள் உயரத்துக்குத் தகரப் பலகை நிறுத்தியிருந்தார் செங்கல்வராயன். இரண்டு மயில், நடுவில் ஒரு கிரீடம், சுற்றிலும் கலர் பல்பு. கும்மிடிப்பூண்டியிலிருந்து மெட்ராஸுக்கு லோடு போகும்போது ரோட்டோர ஜனம் வாய் பிளந்து பார்க்கும். அவர் நெஞ்சு ஸ்டியரிங்கைத் தொடும்.

கிளீனர் தேசப்பன், அவர் தங்கை பூவம்மாளின் புருஷன். அவன்தான் முதலில் சொன்னான்: "மச்சான், காத்து தகரத்துல மோதி வண்டிய இழுத்துப் புடிக்குது. எதிர்காத்துல குடை புடிச்சிக்கினு ஓடுற மாதிரி கீது."

"இன்னா மாப்ளே, மயிலா டீசல் குடிக்குது?"

டீசல் என்னவோ சீக்கிரமே தீர்ந்தது. அவருக்குச் சந்தேகமும் வந்தது, மாப்பிள்ளை மேல். உறிஞ்சி விற்கிறான் என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லி, எதிரே அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். அவசரத்தில் கற்பூரம் வாங்க மறந்துவிட்டார். தேசப்பனே வாங்கிவந்து கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு, அப்படியே பக்கத்திலிருக்கும் தன் ஊர் ஆரணிக்கு நடையைக் கட்டினான்.

அவன் போன பிறகும் டீசல் குறைந்தது. யாராவது குடித்தாக வேண்டுமே? பேயைக் கண்டுபிடித்துச் சொன்னவர் செங்கல்வராயனேதான்.

ஐப்பசி மழையில் தாழ்ந்து தொங்கிய புளியங்கிளை ஒன்று தகரத்தைப் பெயர்த்துத் தள்ளியது. அடுத்த லோடில், வழக்கமாக நிற்கும் பங்க் வந்தபோது டேங்கில் டீசல் மிச்சம் இருந்தது. அதற்கடுத்த லோடிலும் இருந்தது. அவருக்குக் காது மடல் சுட்டது. வண்டியை ஆரணிக்குத் திருப்பினார்.

"வாண்ணா," என்றாள் பூவம்மாள். "டீசல் டின்னு எங்க ஒளிச்சி வெச்சிக்கீறோம்னு தேடத்தானே வந்தே? அடுப்பாண்ட பாரு."

தேசப்பன் வெளியே வந்து லாரியை அண்ணாந்து பார்த்தான்.

"மயிலு எங்க மச்சான்?"

"வுழுந்துடுச்சி."

"டீசலு?"

செங்கல்வராயன் தன் செருப்பைப் பார்த்தார். "நிக்குது."

தேசப்பன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

"அன்னிக்கிக் கற்பூரம் நான் வாங்கினது. அத்த திருப்பிக் குடு. இங்க வாணாம், அதே டீக்கடையில, அதே நாலு பேரு முன்னால குடு. அப்பால வண்டியில ஏறுறேன்."

மறுநாளே வாங்கிவிட்டார். காகிதத்தில் மடித்துச் சீட்டுக்கடியில் வைத்தார். ஆனால் கவரைப்பேட்டை டீக்கடையில் நாலு தலை தெரிந்தாலே கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தியது. அந்த வகையிலும் கொஞ்சம் டீசல் போனது. ஒரு மாசம் கழித்துப் பொட்டலத்தைப் பிரித்தார். வாசனை மட்டும் இருந்தது. கற்பூரம் இன்னும் பாக்கி.