உறையாத பிளம்ஸ் ஜாம்

என் மேஜை மேல் ஒரு ஜாம் பாட்டில் இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது. சாய்த்தால் உள்ளே இருப்பது இன்னும் தண்ணீராக ஓடுகிறது. தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு அலுத்துவிட்டது.

குன்னூரில் ஒரு சின்ன ஜாம் ஃபேக்டரிக்குத் தரம் பார்க்கும் அதிகாரியாகப் போனேன். கோயம்புத்தூரில் படித்த படிப்பு, நாற்பது வயதுத் தலைக்கனம். பழம் பிரிக்கும் பெண்களுக்கு மேஸ்திரியம்மா ஒருவர் இருந்தார், என்னைவிட எட்டு வயது சின்னவர். ஒவ்வொரு கூடையிலும் இரண்டு கை பச்சைப் பிளம்ஸ் போட்டுத்தான் அடுப்புக்கு அனுப்புவார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்களையெல்லாம் பொறுக்கி வெளியே கொட்டச் சொன்னேன். "கொஞ்சம் காய் இருக்கட்டுங்க சார், இல்லாட்டி கட்டியாகாதுங்க" என்றார். கேட்டேனா?

அன்று எவ்வளவு காய்ச்சியும் ஜாம் பாகாகவே நின்றது. முதலாளி ஒரு பாட்டிலைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மேஸ்திரியம்மாவிடம் திரும்பினார். "பழம் பிரிச்சது நீதான? நாளையிலிருந்து வர வேண்டாம்." மேஸ்திரியம்மாவின் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பெரிகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ரெண்டு மணி நேரம் குடுங்க முதலாளி. உறையலீன்னா நானே போயிக்கறேனுங்க."

நான் கொட்ட வைத்த காய்களையே அள்ளிக் கழுவி, வேகவைத்து, வடிகட்டிய சாற்றைப் பாகில் ஊற்றி மறுபடி காய்ச்சினார். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தார். அது அசையவில்லை. காயின் செல் சுவரில் சர்க்கரைதான் நீளச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, நாவுக்கு இனிக்காமல், ஒரு செல்லை இன்னொன்றோடு பிடித்து வைத்திருக்கிறது. பழுக்கப் பழுக்க அந்தச் சங்கிலி அறுந்து பழம் குழைகிறது. அந்தச் சங்கிலிக்குப் பெயர் பெக்டின்; ஜாமை உறையவைப்பதும் அதுதான். பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான்! அவர் கைக்குத் தெரிந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, என் பேரைச் சொல்லவே இல்லையே?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேனுங்க சார்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராக முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சாய்த்துப் பார்த்த, உறையாத அந்த ஒரு பாட்டிலை அன்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இப்போது அந்த ஃபேக்டரிக்கே அவர்தான் மேனேஜர். போன வாரம் ஒரு பாட்டில் அனுப்பியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். அவருடையது அசையவில்லை. என்னுடையது ஓடியது.