பிளக் அக்காவும் நான்கு ஸ்பீக்கர்களும்

பாதங்கள் மட்டும் வெளியே தெரிய, பிளக் அக்கா கூடத்தில் அண்ணனின் மேசைக்கடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். வாயில் சின்ன டார்ச். இடது கை விரல்கள் தரையில் தாளம் போடுகின்றன. ரவுட்டரின் பச்சை விளக்கு எப்படி மினுக்குகிறதோ அப்படியே விரலும். "தூங்கிட்டாங்களா?" என்று அண்ணி என் காதில் கேட்டார். டார்ச்சை எடுக்காமலே கீழேயிருந்து பதில் வந்தது: "ம்ஹூம்."

வீடு வீடாகப் போய் இன்டர்நெட் கோளாறு பார்ப்பது அவர் தொழில். ஐம்பது வயதிருக்கும். போனில் யார் கூப்பிட்டாலும் முதல் பேச்சு ஒன்றுதான்: "நான் வர்ற வரைக்கும் யாரும் பிளக்கத் தொடாதீங்க." எல்லாரும் பதற்றத்தில் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகி, கண்ணுக்குத் தெரிந்த கோளாறையும் ஓடி ஒளிய வைத்துவிடுகிறார்களாம். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பையில் தூசு தட்டப் பழைய பல் பிரஷ் ஒன்று, எந்த வயர் எங்கே போகிறது என்று அடையாளம் வைக்க ஐந்து நிறத்தில் ரிப்பன். அவர் வந்த பத்தாவது நிமிடம் எங்கள் வீட்டு வயர்களெல்லாம் பள்ளிக்கூடம் கிளம்பிய பெண்பிள்ளைகள் மாதிரி ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றன.

விஷயம் இதுதான். போன வாரம் அண்ணன் வயரில்லாத ஸ்பீக்கர் நான்கு வாங்கிவந்து கூடம், சமையலறை, படுக்கையறை, குளியலறை என்று இடத்துக்கு ஒன்றாக வைத்தார். எங்கே போனாலும் பாட்டு பின்னாலேயே வரும். வெங்காயம் நறுக்கும்போது பல்லவி, சோப்புப் போடும்போது சரணம். மனிதர் ஒரு வாரமாகத் தரையில் நடக்கவில்லை. நெட்டும் அன்றைக்குப் படுத்ததுதான்.

அடி விழுந்தது அண்ணிக்கு. ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு, கட்டட வரைபடம் போடும் வேலைக்கு வீடியோவில் நேர்காணல். பாதியில் படம் உறைந்து, அவர்களுடைய திரையில் வாயைப் பிளந்தபடி சிலையாகிவிட்டார். நல்ல மனிதர்கள், இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். இன்றைக்கு மூன்று மணிக்கு. பிளக் அக்கா வரும்போதே மணி ஒன்றரை.

"பாட்டுக்கும் நெட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் அண்ணன். "ரவுட்டருக்கு வயசாயிடுச்சு. மாத்திட்டா சரியாயிடும்."

மேசைக்கடியிலிருந்து தலை வெளியே வந்தது. "அது மேல பழி போடாதீங்க தம்பி. அதுவே மூச்சு வாங்கிக்கிட்டு கெடக்கு. எங்க, பாட்டைப் போடுங்க."

பாட்டு ஓடியது. தாளம் போட்ட விரல்கள் தடுமாறின. ரவுட்டர் விளக்குகள் எல்லாம் பேய் பிடித்தாற்போல் ஒன்றாகத் துடித்தன. நிறுத்தச் சொன்னார், அடங்கின. மூன்று தடவை இப்படி. ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒரு சுற்று இளைத்தார்.

"ஸ்பீக்கர்ல வயர் ஏதாச்சும் சொருகியிருக்கீங்களா?"

"வயரில்லாத ஸ்பீக்கர்தானே?"

"அதனாலதான் கேக்கறேன்."

அண்ணன் கழுத்தைச் சொறிந்தார். படுக்கையறையில் பாட்டு விட்டு விட்டு வந்ததாம். ரவுட்டரிலிருந்து கூடத்து ஸ்பீக்கருக்கு ஒரு வயர், படுக்கையறை ஸ்பீக்கருக்கு ஒரு வயர் இழுத்திருக்கிறார், கம்பளத்துக்கடியில், அண்ணிக்குத் தெரியாமல். "ரெட்டிப்பு பலம்னு நெனச்சேன்."

கோளாறு பிடிபட்டால் பிளக் அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. முதலில் விக்கல் போல ஒன்று, பிறகு தோள்கள், பிறகு ஆளே குலுங்கிப்போனார். என்ன ஏது என்று தெரியாமலே நாங்களும் சிரித்தோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் வட்டமாக நிறுத்தினார். "ஒருத்தர் சொன்னதக் கேட்டா, சொன்னவங்கள விட்டுட்டு மத்தவங்ககிட்ட சொல்லணும். கேக்கும்போதெல்லாம் சொல்லணும்." நான் ரவுட்டராம், அவர்கள் இருவரும் ஸ்பீக்கர்களாம். என் காதில் 'பாட்டு வந்தாச்சு' என்றார். நான் இருவருக்கும் சொன்னேன். அண்ணன் அண்ணிக்கு, அண்ணி அண்ணனுக்கு, இருவரும் எனக்கு, நான் மறுபடி இருவருக்கும். அரை நிமிடத்தில் மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம்.

"ஐயோ, இது எப்பதான் முடியும்?" என்று அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"முடியாது. ஒரு வாரமா உங்க வீட்ல இதான் நடக்குது. ஸ்பீக்கருங்க காத்துலயே ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது. அது பத்தாதுன்னு ரெண்டு பக்கமும் வயரு. போனதே திரும்பி வருது, வந்ததே திரும்பிப் போகுது. இந்தக் கூச்சல்ல உங்க இன்டர்வியூ எங்க நொழையும்?" அண்ணனின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "மூணு வழியில ஏதாச்சும் ஒண்ணு அறுந்தாப் போதும். இப்ப நீங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது."

"ஒரு வாரமா அப்படித்தான இருக்கோம்," என்றார் அண்ணி.

மறுபடி ஆரம்பித்தோம். நான் இருவருக்கும் சொன்னேன். அதோடு அடங்கிவிட்டது. அந்த அமைதியில் பிளக் அக்கா படுக்கையறைக்குப் போய் வயரைப் பிடுங்கினார். நான்கு இடத்திலும் பாட்டு ஓடியது. விளக்குகள் நிதானமாக மினுக்கின.

மணி இரண்டு ஐம்பது. அண்ணி மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னிக்கு மட்டும் பாட்ட நிறுத்திக்கலாமாக்கா?"

"நிறுத்தலாம் கண்ணு. வேலைக்குச் சேந்தப்புறம் தெனமும் நெட்டு நின்னுடுமோ நின்னுடுமோன்னு நடுங்கிக்கிட்டே கோடு போடுவீங்களா? சத்தத்தக் கொறச்சுக்கிட்டு ஓடட்டும். நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரவுட்டருக்கு எதிரே பிளக் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் நைசாகப் பாட்டை நிறுத்தப் போனார். கையில் ஒரு அடி விழுந்தது. சமையலறையில் யாருமில்லாமல் வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் முதலில் தயங்கி, பிறகு வேகம் பிடித்தது. நடுவில் முகம் தெரியாத யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அண்ணன் என் தோளை இறுகப் பிடித்திருந்தார், இன்னும் வலிக்கிறது.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

"திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க."

கை நீட்டிய அண்ணனைத் தாண்டி ஓடிவந்து, அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தவரைக் கட்டிக்கொண்டார். பிளக் அக்கா ரவுட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையால் அவரை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை எட்டிக் கூடத்து ஸ்பீக்கரின் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினார்.