புலப்படத்தில் இருந்த பாதை

எங்கள் மிளகுக் காட்டின் ஓரத்தில், மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு மூன்று அறை கட்ட நினைத்தேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகளும் மருமகனும், அறைகள் வந்தால் மலைக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் ஊராட்சி ஆபீசில் மனுக் கொடுத்தேன்.

செயலர் நில அளவைப் புலப்படத்தை விரித்தார். எங்கள் நிலத்துக்கு நடுவே புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடியது.

"நடைபாதைங்க. இதும்மேல கட்ட அப்ரூவல் தர முடியாது."

பிறந்ததிலிருந்து அந்தக் காட்டில்தான் இருக்கிறேன். அங்கே பாதை கிடையாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் சொன்னாள். "பாதையெல்லாம் இல்லீங்க சார். வெறும் புல்லுதான் கெடக்குது."

"அப்ப, 'இந்த வழியில் யாரும் நடப்பதில்லை'ன்னு பக்கத்துக் காட்டுக்காரங்க ரெண்டு பேருகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

வெளியே வந்ததும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கவா பஸ் ஏறி வந்தீங்க?"

மேல்காட்டுக்காரர், "ரூமு கட்டுனா எனக்கு ஒரு நாளு ஓசிங்களா?" என்று சிரித்தபடியே பேனாவை வாங்கினார். தாளைப் படித்ததும் சிரிப்பு நின்றது. 'யாரும்' என்பதை அடித்துவிட்டு 'நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் வேறொரு தாள் எடுத்துக்கொண்டு கீழ்காட்டுக்காரரிடம் போனோம். அவரும் அதே சொல்லை அடித்து, அதையே எழுதினார்.

"அப்ப யாருங்க மாமா நடக்கறாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"என்னையப் பத்தித்தான் கண்ணு நான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரண்டு தாளையும்தான் ஆபீசில் கொடுத்தோம். நேரில் பார்க்க ஓவர்சியர் வந்தார். நடுப்பகலிலும் மஞ்சு இறங்கிக் காட்டை வெள்ளையாக மூடியிருந்தது. நான் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறுமுனையோடு பின்னோக்கி நடந்தார். திடீரென்று, "போங்க, போங்க" என்று சொல்லி ஒதுங்கி வழிவிட்டார். சந்தைக் கூட்டத்தில் நாம் ஒதுங்குவதுபோல இருந்தது. பிறகு திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன், நானும் ஒதுங்கி நின்றிருந்தேன். என் மனைவியும் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். எங்களுக்கு நடுவே புல் ஈரமாக, மடங்காமல் நின்றது.

ஓவர்சியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க, நெலத்துக்காரர் நீங்களே எழுதிக் குடுங்க. யாரும் நடக்கறதில்லைன்னு. நான் சைன் பண்ணிடறேன்."

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். 'இந்த வழியில்' என்று எழுதிவிட்டேன். மகளின் முகம் மனதில் வந்தது. இருந்தும் 'யாரும்' என்று எழுதக் கை ஓடவில்லை.

"பாதைய விட்டுட்டு பிளான் போடுங்க சார்" என்றேன். ஒரு அதிகாரியிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஸ்கேலை வைத்து, பிளானில் பாதைமேல் விழுந்த இரண்டு அறைகளை அடித்துவிட்டார். ஓர் அறைக்கு அப்ரூவல் வந்தது.

மகளுக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னேன். போனில் தையல் மிஷின்களின் சத்தம் கேட்டது.

"ஒரு ரூம வெச்சுக்கிட்டு நாங்க அங்க எப்படிங்கப்பா பொழைக்கறது?"

"யாரும் நடக்கறதில்லைன்னு எழுத எனக்கு மனசு வரல கண்ணு" என்றேன்.

"சரிங்கப்பா, எழுதாம விட்டதே நல்லது. நாங்க இங்கயே இருந்துக்கறோம்" என்று வைத்துவிட்டாள்.