வழிகாட்டி நட்சத்திரத்தை மாற்றிய நாள்

அப்பா செத்த பதினோராம் நாள் காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் என்னோடு ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த சிநேகிதன். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான்.

"உன்னோட வழிகாட்டி நட்சத்திரம் சரியில்லன்னு மெயில் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேற ஒண்ணு குடுக்கணுமாம். இல்லேன்னா நேரம் போயிடும். நான் மாத்திடட்டுமா? பாஸ்வேர்டு மட்டும் சொல்லு."

"வேணாம். நானே செஞ்சுக்கறேன்" என்றேன்.

என்ன கொழுப்பு பாருங்கள். என் திட்டத்தில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். அவன் கெட்டிக்காரன், பத்து நிமிஷத்தில் முடித்திருப்பான். இதை இன்றைக்குச் சுலபமாகச் சொல்கிறேன். அன்றைக்கு அவன் கேட்டதே எனக்குச் சுருக்கென்று இருந்தது.

இது 2005. வெளிநாட்டில் ஒரு மலையுச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் எனக்கு மூன்று மணி நேரம் கிடைத்திருந்தது. நாம் அங்கே போக வேண்டியதில்லை. எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று திட்டம் எழுதி அனுப்பினால் அங்கிருப்பவர்கள் பார்த்துத் தருவார்கள். நான் கேட்டது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மங்கலான விண்மீன் மண்டலங்களை. என் ஆறு வருஷ ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் அந்த மூன்று மணி நேரத்தை நம்பித்தான் இருந்தது.

அத்தனை நேரம் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தொலைநோக்கி குறியிலிருந்து இம்மிகூட விலகக் கூடாது. அதற்கு அருகிலேயே பளிச்சென்று ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அதை வைத்துத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். அதுதான் வழிகாட்டி நட்சத்திரம். அதைப் பிடிக்க ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கை உண்டு. அந்தக் கை ஒரு பக்கமாகத்தான் நீளும். இதையெல்லாம் பொருத்திப் பார்க்க ஒரு மென்பொருள் இருந்தது. திரையில் வானத்தின் படத்தை விரித்து, அதன் மேல் கருவியின் கட்டத்தை வைத்து, மவுஸால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நட்சத்திரம் கைக்கு எட்டாவிட்டால் சிவப்பாகக் காட்டிவிடும். நாள் கணக்கில் இதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன், அலுத்ததே இல்லை. நான் முதலில் கொடுத்த நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு நட்சத்திரங்களாம். தொலைநோக்கி எதைப் பிடிக்கும்? தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். பதினாறாம் நாள் கருமாதியும் அவன்தான் செய்ய வேண்டும். அதுவரைக்கும் வீட்டுப் பெண்கள் ஊர் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளிக்கிழமை பதினாலாம் நாள்.

அம்மாவிடம் சொன்னேன். பாயில் சுருண்டு படுத்திருந்தாள்.

"ஒன்னய வுட்டா வேற யாரும் செய்ய முடியாதா?"

"முடியாதும்மா."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இந்தப் பொய்யைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஒங்கப்பா கேக்குறவங்ககிட்டல்லாம் எம்புள்ள நச்சத்திரம் படிக்கிதுன்னு பீத்திக்குவாரு. போயிட்டு வா. கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் ஏறினேன். ஊரே பார்த்தது. அரியலூர் கடைத்தெருவில் ஒரு மாடிப்படியேறிப் போனால் பிரவுசிங் சென்டர். மென்பொருளைக் குறுந்தகட்டில் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் நல்ல மனுஷர். இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "மிஷினு பழசுங்க. இது ஓடாதுங்க" என்றார். நல்லவேளை, என் பையில் பழையபடி கையால் செய்துபார்க்க ஒரு வழி இருந்தது. வானத்தின் படத்தை அச்சடித்து, கருவியின் கட்டத்தையும் அந்தக் கை எட்டும் இடத்தையும் அதே அளவில் டிரேசிங் பேப்பரில் பென்சிலால் வரைந்து வைத்திருப்பேன். தாளின் மேல் தாளை வைத்து நகர்த்திப் பார்ப்பது என் பழக்கம். ஆராய்ச்சிக்கூடத்தில் "அக்கா டெய்லர் கடை வச்சிருக்காங்க" என்று கேலி செய்வார்கள். டிரேசிங் பேப்பரின் எந்த முகம் மேலே வர வேண்டும் என்று மூலையில் ஒரு குறி போட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியாதா என்று போட்டதே இல்லை.

மேசையில் விரித்து நகர்த்தினேன். கருவிக்குள் ஒளி போகும் இடமான கட்டத்தின் நடுக்கோடு இரண்டு மண்டலங்களின் மேலும் அம்சமாக உட்கார்ந்தது. கை எட்டும் இடத்தின் நட்டநடுவில் தனியாக, பளிச்சென்று ஒரு நட்சத்திரம். அப்பா போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தொலைநோக்கியின் இணையதளத்தைத் திறந்து அந்த நட்சத்திரத்தின் எண்ணையும் இடத்தையும் தட்டி அனுப்பினேன். அந்தப் படிவம் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும். எட்டுமா எட்டாதா என்று பார்ப்பது மென்பொருளின் வேலை.

மூன்று மணிக்கு வீடு திரும்பினால் பந்தலில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

"எழவு வூட்டுப் பொண்ணு டவுனுக்குப் போயி கம்ப்யூட்டர் பாத்துட்டு வருது. ஊர்ல தல காட்ட முடியல. எந்தம்பிக்கு இதான் மருவாதியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து வந்தாள். அவர் முன்னால் நின்று அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"நாந்தாங்க மாமா அனுப்பி வச்சேன். அது படிப்பு சம்பந்தப்பட்டது. அவரு இருந்தாலும் அனுப்பித்தான் இருப்பாரு."

"அப்ப ஒம்பொண்ணயே கருமாதியும் செய்யச் சொல்லு. எம்மவன் வரமாட்டான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபத்தில் சொல்கிறார், வந்துவிடுவார் என்று எல்லாரும் சொன்னார்கள். வரவில்லை. பதினாறாம் நாள் தூரத்துப் பங்காளி ஒருவர் வந்து, அவசர அவசரமாகக் காரியத்தைச் செய்துவிட்டு, சாப்பிடாமல் போனார். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பெரியப்பா வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அவளைக் கூப்பிடவில்லை. எதிர்வீடுதான். குழாயடியில் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மூன்று மாதம் கழித்து மெயில் வந்தது. நாலே வரி. வழிகாட்டி நட்சத்திரம் கருவியின் எல்லைக்கு வெளியே இருந்தது, வேறு தேடுவதற்குள் மேகம் வந்துவிட்டது, திட்டம் கைவிடப்பட்டது, வருந்துகிறோம்.

மென்பொருளைத் திறந்து அந்த நட்சத்திரத்தின் எண்ணைப் போட்டேன். ஒரே சிவப்பு. அந்த டிரேசிங் பேப்பரை எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன். பொருந்தவில்லை. குப்புறப் போட்டேன், பொருந்தியது. அன்றைக்குக் கடையில் இப்படித்தான் வைத்திருக்கிறேன். நடுக்கோடு எப்படிப் போட்டாலும் நடுக்கோடுதான், அதனால் மண்டலங்கள் இரண்டும் சரியாகவே உட்கார்ந்திருக்கின்றன. கை மட்டும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. சீ, பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யுமா இதை? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த அத்தியாயம் இல்லாமலேயே ஆய்வேட்டை முடித்தேன். யாருமே அதைப் பெரிதாகக் கேட்கவில்லை என்பது அதைவிட வலித்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. அம்மா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்து பார்த்து, அவளே கேட்டாள்.

"அன்னைக்குப் போயி அனுப்பிட்டு வந்தியே, அது கெடச்சிதா?"

"இல்லம்மா. நான் தப்பாப் போட்டுட்டேன். அவங்களால பாக்க முடியல." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும். என்கூட வேல பாக்கறவன் தானே மாத்தித் தரேன்னு போன்ல சொன்னான். நாந்தான் வேணாம்னுட்டேன். நான் அன்னைக்குப் போயிருக்கவே வேணாம்."

கீரை ஆய்ந்த கை நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் எழுந்து போய், எதிர்வீட்டைப் பார்த்திருந்த ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா வூட்ல யாராச்சும் கேட்டா, கெடச்சிடுச்சின்னு சொல்லு" என்றாள்.